அரியலூரில் நான் போட்ட கையெழுத்து

பெரம்பலூரில் என்னை வரவேற்கப் பள்ளிக்கூட வாசலில் ஒரு துணி கட்டியிருந்தார்கள். ‘அமெரிக்க மனோதத்துவ டாக்டர் மலேசியா மாணிக்கம் அவர்களே வருக’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதில் மலேசியாவும் மாணிக்கமும்தான் உண்மை. அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. டாக்டர் பட்டம் கிடையாது. மனோதத்துவம் என்னிடம் வந்து சேர்ந்த கதை அதைவிடக் கேவலம். ஈப்போவில் நான் வேலை பார்த்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அந்தப் பாடத்தை நடத்திய அம்மாள் பிள்ளைப்பேற்றுக்கு விடுப்பில் போனார். கணக்கு வாத்தியாரான எனக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் காலியாக இருந்தது. அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. பெரம்பலூர்க் கோதண்டம் எனக்குப் பேனா நண்பர், உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். பத்து வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பாடம் நடத்துவதற்காக முதல் நாள் ராத்திரி படித்ததை மறுநாள் அவருக்கும் எழுதித் தள்ளுவது என் வழக்கம். அமெரிக்க மனோதத்துவக்காரர்கள் ஒவ்வொருவரின் வாழ்க்கையும் ஒரு நாவல் மாதிரி இருந்தது. கதை எழுதப் போய், எழுத வராமல், புறாவையும் எலியையும் பெட்டிக்குள் வைத்துப் பழக்கப் போனவர் ஒருவர். பயிர்த்தொழில் படிக்கப் போய், பாதிரியாராகப் போய், கடைசியில் அடுத்தவர் துக்கத்தைக் கேட்க உட்கார்ந்தவர் ஒருவர். சிநேகிதம் இல்லாமல் நூலகத்திலேயே வளர்ந்து, மனுஷனுக்கு என்னென்ன வேண்டும் என்று படிப்படியாக அடுக்கிக் காட்டியவர் இன்னொருவர். கோதண்டத்துக்கு இவர்களையெல்லாம் பிடித்துப்போனது. ‘நீங்க நேர்ல வந்து எங்க ஆசிரியர் மன்றத்துல பேசணும்’ என்று எழுதினார். எனக்கும் விடுமுறை வந்தது. கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம், சென்னையிலிருந்து வந்த பஸ்ஸில் தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால் சாலையோரம் ஒரு பெரிய கல்கோட்டை. எங்க ஊர்ப் பக்கம் கோட்டை உண்டு என்று கோதண்டம் எழுதியது நினைவுக்கு வந்தது. “கோட்டை வந்துடுச்சா?” என்று பதறி எழுந்தேன்.

“கோட்டைதாங்க. எறங்குறதுன்னா சட்டுன்னு எறங்குங்க” என்றார் கண்டக்டர்.

இறங்கினேன். பஸ் போய்விட்டது. டீக்கடைக்காரரிடம் கேட்டபிறகுதான் அது ரஞ்சன்குடி என்றும், பெரம்பலூர் இன்னும் அரைமணி நேரப் பயணம் என்றும் தெரிந்தது. “இங்கே காடி ஏதாவது கிடைக்குமா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் காரைக் காடி என்போம். அவர் என் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காடியா? மாடு ஓட்டிக்கிட்டு வந்தீங்களா?”

இந்தப் பக்கத்தில் காடி என்றால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி என்று பிறகு கோதண்டம் சொன்னார்.

கடைசியில் சின்ன வெங்காயம் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. முன்னால் இடமில்லை. மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தேன். லாரி குதித்தபோதெல்லாம் நானும் குதித்தேன், எனக்கு அடியில் வெங்காயம் நசுங்கியது. அதே கையால் முகத்தைத் துடைத்தேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது என் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. மாலையோடு ஓடிவந்த கோதண்டம் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். “பத்து வருஷ நட்பு சார்!” என்று கட்டிக்கொண்டு அவரும் அழ ஆரம்பித்தார். துக்கம் வந்து நாம் அழுவதில்லை, அழுவதால்தான் துக்கம் வருகிறது என்று அமெரிக்க மனோதத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் பேராசிரியர் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது சரிதான். ஒரு நிமிஷத்தில் எனக்கும் நிஜமாகவே துக்கம் வந்தது.

கண் எரிச்சல் அடங்கியதும் அந்தத் துணியைப் பற்றிக் கேட்டேன். “டாக்டருன்னு போட்டாத்தாங்க ஆளு வரும். வாத்தியாரு பேசுறத கேக்க வாத்தியாரு வருவாரா?” என்றார் கோதண்டம். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் யாரோ “டாக்டர் சார்” என்று கூப்பிட்டபோது என் தலை தானாகத் திரும்பியது. பெட்டிக்குள் அடைத்த புறாவுக்குக்கூட அதைவிட அதிக நாள் பிடித்திருக்கும்.

வியாழக்கிழமை காலை கோதண்டத்தின் மனைவி இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தார். எங்கள் ஊரில் வேர்க்கடலை, தேங்காய்ப்பால் சோற்றின் ஓரத்தில் நெத்திலிக் கருவாட்டோடு ஒண்டிக்கொண்டு கிடக்கும். இங்கே அதற்கு ராஜ மரியாதை. ஒன்பது இட்லி சாப்பிட்டேன். “வெளிநாட்டுல சரியா சோறு போடமாட்டாங்க போல” என்று அந்த அம்மாள் உள்ளே யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

அன்றைய பேச்சு பெட்டிப் புறாவைப் பற்றி. அடிப்பதைவிட, சரியாகச் செய்த நேரத்தில் கொடுக்கும் சின்னப் பரிசு அதிகம் கற்றுத்தரும் என்று அவர் கண்டதைச் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு வயதான ஆசிரியர் எழுந்தார்.

“அவரு ஒரு பெட்டியில எத்தினி புறா வெச்சிருந்தாருங்க?”

“ஒன்று.”

“எங்கிளாஸ்ல எழுவத்திரெண்டுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைத்தட்டல் எனக்குக் கிடைத்ததைவிட அவருக்கே அதிகம்.

கூட்டம் முடிந்ததும் என்னைச் சுற்றி வேறொரு கூட்டம் சேர்ந்தது. தூக்கம் வராதவர், அதிகமாக வருகிறவர், பேய்க் கனவு காண்கிறவர். ஒருவர் தன் எருமை கன்றை அண்டவிடுவதில்லை என்றார். எல்லோருக்கும் வழி சொன்னேன், எருமைக்கும் சேர்த்து. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் என் முதுகு நிமிர்ந்த மாதிரி என் கல்யாணத்தன்றுகூட நிமிர்ந்ததில்லை.

கடைசியாக வந்தவர் வெள்ளைச் சட்டையும் மோதிரமுமாக இருந்தார். பெயர் நடராஜன். அரியலூரில் உரக்கடை வைத்திருந்தார். பேச்சு மிகவும் பணிவு.

“எங்க வூட்ல கொஞ்சம் மனசு சரியில்லீங்க. நாளைக்கு அரியலூர்லதான பேசுறீங்க, மத்தியானம் நம்ம வூட்டுக்குச் சாப்பிட வரணும். ஒரு தடவ பாத்து சொன்னீங்கன்னா போதும்.”

“பார்த்துவிடலாம்” என்றேன். கோதண்டம் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அரியலூர் போகிற பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் பருத்தியும் கம்பும் மாறி மாறி வந்தன. அரியலூரை நெருங்க நெருங்கச் சாலையோரத்து வேப்பமரங்கள் வெளுத்துக்கொண்டே போயின. டவுனுக்கு வெளியே சிமெண்ட் ஆலை எழும்பிக்கொண்டிருந்தது, கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஈப்போவில் சுண்ணாம்புக்கல் மலைமலையாக நிற்கும். இங்கே அது பூமிக்குள் படுத்திருந்தது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம், பள்ளம் தோண்டினால் கல்லாகிப்போன சங்கும் நத்தையும் கிடைக்குமாம். பஸ் டயர் பஞ்சரான இடத்தில் நானும் குனிந்து தேடினேன். ஒரு கல் கிடைத்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். காய்ந்த சாணம்.

அன்று காலைப் பேச்சில் நான் சொன்னது ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் வேலையைப் பற்றி. அவரும் அவர் ஏற்பாடு செய்த சிலரும், யாரோ பேசுகிற குரல் காதில் கேட்கிறது என்று பொய் சொல்லி மனநோய் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். உள்ளே போனதும் எல்லோரையும் போலத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் டாக்டர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நோட்டில் குறிப்பு எழுதினால் அதையும் நோயோடு சேர்த்துப் பதிந்தார்கள். ‘இவருக்கு ஒன்றுமில்லை’ என்று சந்தேகப்பட்டவர்கள் கூட இருந்த நோயாளிகள்தான். இதை நான் நன்றாகவே நடித்துக் காட்டினேன். சிரிப்பில் கூரை அதிர்ந்தது. “ஒருவர் மேல் ஒரு பெயரை ஒட்டிவிட்டால், அப்புறம் அவர் மூச்சு விட்டாலும் அந்தப் பெயருக்குத்தான் சாட்சி!” என்று கையை ஓங்கி முடித்தேன். ஆசிரியைகள் கடைசி வரிசையில் இருந்தார்கள். மேடையில் நிற்பவன் கண்ணுக்கு முன்வரிசை மட்டும்தான் தெரியும்.

நடராஜன் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு, முந்திரிப்பருப்பு வறுவல், கட்டித் தயிர். கோதண்டத்துக்கு அன்று விரதம், வாசலிலேயே மோர் குடித்துவிட்டு உறவினர் ஒருவரைப் பார்க்கப் போய்விட்டார். இலையில் உட்கார்ந்த என்னிடம் நடராஜன் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். மனைவி பெயர் செங்கமலம். கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. விடியும் முன்னே எழுந்து தனியாகப் பேசிக்கொள்கிறாளாம். எந்நேரமும் ஏதாவது எழுதுகிறாளாம். யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லையாம், தானாகச் சிரிக்கிறாளாம்.

அந்த அம்மாள் குழம்பு ஊற்ற வந்தார். முப்பது வயதிருக்கும். “சோத்துல ஊத்தவா சார்?” என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கை கழுவ எழுந்தபோது உள்ளறையில் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. ‘ஆகா!’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நடராஜன் ஆங்கிலத்தில் டைப் செய்த ஒரு தாளை நீட்டினார். “லீவு போடறதுக்கு ஒரு லெட்டருங்க. ஓய்வெடுத்தா சரியாயிடும்ல?” இவருக்கு நரம்புக் கோளாறு உண்டு, மனம் தெளிவாக இல்லை, வேலை பார்க்கத் தகுதியில்லை என்று அதில் இருந்தது. கீழே என் பெயர், முன்னால் டாக்டர். வாத்தியார் புத்தி போகாது. படித்துப் பார்த்து ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினேன். அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். “இன்னும் கொஞ்சம் தயிர் ஊத்திக்கங்க டாக்டர்” என்றார் நடராஜன். ஊற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை பேச்சு கிடையாது. கீழப்பழுவூர்க் கோயிலைப் பார்த்து வரலாம் என்று கோதண்டம் அழைத்துப் போனார். மழைக்கு விட்ட லீவை ஈடுகட்ட அன்று பள்ளிக்கூடம் இருந்தது. பஸ்ஸில் எள் போட இடமில்லை. முன்பக்கம் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“சார், உங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசணும்.”

செங்கமலம். கையில் அதே நோட்டு. பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து இடம்விட, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் அருகில் போய் நின்றேன்.

“நேத்து காலைல கடைசி பெஞ்சுல நானும் இருந்தேன். நீங்க சொன்னத பூராவும் எழுதிக்கிட்டேன். நல்லா இருந்துச்சு.” நோட்டைத் திறந்து காட்டினார். மருத்துவமனைக் கதை முழுதும் முத்து முத்தான எழுத்தில் இருந்தது. “மத்தியானம் நீங்களே வந்து அத எம்மேலயே செஞ்சுட்டுப் போயிட்டீங்க.”

அவர் நோட்டை மூடினார்.

“தபால்ல பி.ஏ. படிக்கிறேன் சார். வாய்விட்டுப் படிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும். காலையில மட்டுந்தான் நேரம். அதத்தான் தனியா பேசறேன்னாரு. புள்ள இல்லன்னு அவருக்கு இன்னொரு கல்யாணம் பேசி வெச்சிருக்காங்க. எனக்குப் பைத்தியம்னு ஆயிட்டா ஊருல யாரும் கேக்கமாட்டாங்க பாருங்க. உங்க லெட்டர நேத்தே கல்வி ஆபீஸ்ல குடுத்துட்டாரு. நாளைக்கு அவங்க பெரியப்பா வூட்ல எல்லாரும் கூடறாங்க.”

அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது, துக்கம் கேட்க உட்கார்ந்த அந்த முன்னாள் பாதிரி மாணவரின் வழி. எதிரில் இருப்பவர் சொன்னதையே பரிவோடு திருப்பிச் சொல்ல வேண்டும், அவரே தன் வழியைக் கண்டுகொள்வார். தொண்டையைச் செருமிக்கொண்டேன். “உங்களுக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது” என்றேன்.

“நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லாதீங்க சார். கையெழுத்துப் போட்டது நீங்க. அத நீங்கதான் அழிக்கணும்.”

அவர் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. பின்னாலிருந்து கோதண்டம் நெருக்கியடித்துக்கொண்டு என்னிடம் வந்தபோது என் கை அந்தக் கம்பியை விடவில்லை.

கீழப்பழுவூர்க் கோயில் மிக அழகான கோயில் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. பிராகாரத்தில் உட்கார்ந்து கோதண்டத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் டாக்டருன்னு போட்டது கூட்டம் வரட்டும்னு. நீங்க டாக்டருன்னு கையெழுத்தே போட்டுட்டீங்களே!”

“இன்றைக்கே ரயிலேறிப் போய்விடட்டுமா?” என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், மறைக்க ஒன்றுமில்லை. மலேசியா போய்ச் சேர்ந்து ஒரு நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதிவிடலாம் என்று அதற்குள் முதல் வரியைக்கூட யோசித்துவிட்டேன்.

“போலாம். திங்கக்கெழமை அந்தம்மாவுக்கு வேலை போயிடும். பத்து வருஷமா நீங்க எனக்கு எழுதுன அத்தினி லெட்டரையும் நான் அடுப்புல போட்டுருவேன்” என்றார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. பார்க்கவே ஆரம்பித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடராஜன் எழுந்து வந்து எனக்கு நாற்காலி போட்டார். “டாக்டரே வந்துட்டாரு பாருங்க!” செங்கமலம் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

கௌரவமாகத் தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தேன். “மறுபடி யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு நோய் ஒன்றும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது” என்றேன், டாக்டர்கள் பேசுகிற குரலில்.

பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். “வெள்ளிக்கெழம பாத்தது தப்புங்களா, இன்னிக்குத் தோணுறது தப்புங்களா? ஒரு மனுஷிக்கு ரெண்டு நாள்ல பைத்தியம் புடிச்சு ரெண்டு நாள்ல தெளிஞ்சிடுமா?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த வழி அடைபட்டது.

“நான் டாக்டர் இல்லைங்க” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். “டாக்டர் இல்லை. கணக்கு வாத்தியார். மனோதத்துவம் புத்தகத்தில் படித்ததுதான். அந்த அம்மாளிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாப்பிட்டேன், கையெழுத்துப் போட்டேன்.”

“அமெரிக்காவுல படிச்சதுன்னாங்க?” என்றார் ஒருவர்.

“அமெரிக்கா போனதில்லைங்க.”

“அப்ப பெரம்பலூர்ல என் எருமைக்குச் சொன்னது?” மூலையிலிருந்து எழுந்த குரலை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். வியாழக்கிழமை எருமைக்காரர், இந்த வீட்டுக்கு ஏதோ உறவாம்.

“அதுவும் சும்மா சொன்னதுதாங்க.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மூன்று பேர். நடராஜன், செங்கமலம், பெரியப்பா.

“யோவ், அப்ப நீ யாருய்யா?” என்று நடராஜன் என் மேல் பாய்ந்தார். கோதண்டம் குறுக்கே வந்து நின்றார். “அழைச்சிட்டு வந்தது நான். நோட்டீஸ் போட்டது நான். அடிக்கிறதுன்னா மொதல்ல என்ன அடிங்க.” அவ்வளவு ஒல்லியான மனிதர் அப்படி நிற்பார் என்று நான் நினைத்ததில்லை.

பெரியப்பா கையைத் தூக்கினார். சத்தம் அடங்கியது. “இத்தினி பேரு அவளப் பத்தி பேசியாச்சு. அவள யாரும் கேக்கல. நீ சொல்லும்மா.”

செங்கமலம் கதவை விட்டு இரண்டடி முன்னால் வந்தார். “பரிச்சைக்குப் படிக்கிறேன் பெரிய மாமா. சத்தமா படிக்கிறேன். எழுதிப் பாக்கிறேன். வேற ஒண்ணுமில்ல.”

“எல்லாரோடவும் ஒக்காந்து சாப்புடறதில்லியாமே?”

“புள்ள பொறக்காதவ பந்தியில ஒக்காரக் கூடாதுன்னாங்க. அதான் தனியா சாப்புடறேன்.”

பெரியப்பா மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தார். “நம்ம பயலுவ வாய்விட்டுப் படிக்கலன்னு அடிக்கிறோம். இவ படிச்சா பைத்தியமா?” என்றார் நடராஜனிடம். “உனக்கு இன்னொரு கல்யாணம் வேணும்னா அது வேற பேச்சு. அத நேரா அவகிட்ட பேசு. அவ தலையில பைத்தியக்காரப் பட்டத்தக் கட்டிட்டுப் பேசாத.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சவரு. இனிமே சோறு போட்ட எடத்துல கையெழுத்துப் போடாதீங்க.”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கல்வி அலுவலகம் திறந்தது. நான், கோதண்டம், செங்கமலம். என் கடிதம் செல்லாது, நான் டாக்டர் இல்லை என்று கைப்பட எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கிளார்க் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“டாக்டருன்னு சொல்லி ஒரு லெட்டரு வந்திருக்கு. டாக்டரு இல்லன்னு இப்ப ஒரு லெட்டரு. டாக்டரு இல்லங்கறதுக்கு அத்தாட்சி இருக்குதுங்களா?”

“டாக்டர் என்பதற்கு அத்தாட்சி கேட்டீர்களா?” என்றேன்.

“அது யாரும் கேக்கறதில்லீங்களே” என்றார் அவர், கொஞ்சமும் கோபமில்லாமல்.

நல்லவேளை, பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருந்தது. தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் என்று அச்சடித்திருந்தது. அதை அவர் கையால் நகல் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, உள்ளே அதிகாரியிடம் கொண்டுபோனார். முக்கால் மணி நேரம் மர பெஞ்சில் காத்திருந்தோம். செங்கமலம் மடியில் நோட்டை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. திரும்பி வந்த கிளார்க், “முதல் லெட்டர ரத்து பண்ணிட்டாரு. நீங்க ஸ்கூலுக்குப் போலாம் டீச்சர். பாதி நாள் லீவு எழுதிக்கங்க” என்றார். அவ்வளவு எளிதாக முடிந்தது. நான் சனிக்கிழமையே ஊருக்கு ஓடியிருந்தால் அவ்வளவு எளிதாகவே அவர் வேலையும் போயிருக்கும்.

பின்னால் நடந்ததைக் கோதண்டம் கடிதங்களில் எழுதினார். நடராஜன் அடுத்த வருஷமே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாராம். பெரியப்பா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லையாம். செங்கமலம் கீழப்பழுவூரில் வீடு எடுத்துத் தன் தாயாரைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். பி.ஏ. முதல் தடவை ஒரு பாடத்தில் போய்விட்டது, அடுத்த தடவை தேறிவிட்டார். ஆசிரியர் மன்றம் கோதண்டத்தைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கியது. ‘நிம்மதியாயிருக்கு, இனி நோட்டீஸ் அடிக்கிற வேலை இல்லை’ என்று எழுதியிருந்தார். நான் ஈப்போவில் அந்த அம்மாள் விடுப்பு முடிந்து வந்ததும் மனோதத்துவத்தை அவரிடமே ஒப்படைத்துவிட்டு, மறுபடி கணக்குக்குப் போய்விட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை ஆபீஸ் வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வெயில் தலையைப் பிளந்தது. கோதண்டம் சோடா வாங்கப் போனார். செங்கமலம் எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்காகச் சொல்ல வேண்டும்? நான் உடைத்ததை நான் ஒட்டவைத்தேன், அதுவும் அவர் கேட்டபிறகு. கீழப்பழுவூர் பஸ் வந்து நின்றது. ஏறப்போனவர் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினார்.

“ரெண்டு நாளு பேசுனீங்கன்னாங்க. புறாக்காரரு, ஆஸ்பத்திரிக்குப் போனவரு. பொம்பளைங்க ஒருத்தர்கூட இல்லையா சார், அமெரிக்காவுல?”

இருந்தார். என் குறிப்பு நோட்டில் ஒரு பக்கம் அவரைப் பற்றி எழுதி வைத்திருந்தேன். நேரமில்லை என்று நானே தாண்டிவிட்ட பக்கம். பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. படியருகே நின்று வேகவேகமாகச் சொன்னேன். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் அம்மாள். பெரிய பல்கலைக்கழகத்தில் விருந்தாளி மாதிரிதான் உட்காரவிட்டார்கள், பெண் என்பதால். படிப்பு முழுவதையும் முடித்தார், ஆராய்ச்சி எழுதினார், பரீட்சையிலும் தேறினார். பாடம் சொன்ன பேராசிரியர்கள் எல்லோரும் பட்டம் கொடுக்கச் சொன்னார்கள்.

“குடுத்தாங்களா?”

“கொடுக்கவில்லை. சில வருஷம் கழித்து, பெண்கள் கல்லூரியின் பெயரில் வேறொரு பட்டம் தருகிறோம், வாங்கிக்கொள் என்றார்கள்.”

“வாங்கிக்கிட்டாங்களா?”

“வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பட்டம் இல்லாமலே பாடம் நடத்தினார், புத்தகம் எழுதினார். அமெரிக்க மனோதத்துவக்காரர்களின் சங்கத்துக்கே தலைவரானார்.”

கண்டக்டர் விசில் ஊதினார். செங்கமலம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் நோட்டை விரித்து, முழங்காலில் வைத்து, ஓடத் தொடங்கிய பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

“இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல சார்!”